எப்பங்க அடிச்சுக்குவீங்க?

போத்தனூர்க் கல்யாண மண்டபத்தில் அன்றைக்கு முதலில் பறந்தது ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. நடு வரிசையிலிருந்து கிளம்பிய அது நேராகத் திரையில் போய் மோதி, அதில் பேசிக்கொண்டிருந்த என் சின்ன மாமனின் முகத்தைக் கிழித்துக்கொண்டு பின்பக்கம் விழுந்தது. கிழிந்த துணியில் அவருடைய வாய் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. எறிந்தவன் விரோதி இல்லை. எங்கள் பழைய தொடரின் வசனங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற ரசிகன். நியாயமாகப் பார்த்தால் நான் போய் அவன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். திரையில் ஓடியதை வெட்டி ஒட்டித் தொகுத்தவள் நான்தான். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு நாற்காலி கிடந்திருந்தால் நானும் எறிந்திருப்பேன். அவ்வளவு எரிச்சல் எனக்கு அந்த நிகழ்ச்சியின் மேல்.

சின்ன மாமன் என் அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. பெரிய மாமன் அம்மாவுக்குப் பெரியப்பா மகன். ஆக இவர்கள் இரண்டு பேரும் பங்காளிகள். பெரியநாயக்கன்பாளையத்தை ஒட்டிய எங்கள் தோட்டத்தில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கிணறு, முறை வைத்துத் தண்ணீர் இறைக்க வேண்டும். அம்மாவைப் பெற்றவரை எங்கள் பக்கம் அப்புச்சி என்போம். அந்த அப்புச்சியும் அவருடைய அண்ணனும் ஒரு கோடையில் யார் முறை என்று கிணற்று மேட்டில் கட்டிப் புரண்டார்கள். அப்புச்சி மம்பட்டியைத் திருப்பிப் பிடித்து அண்ணனின் தோள்பட்டையை இறக்கிவிட்டார். அண்ணன் கல்லைத் தூக்கித் தம்பியின் மண்டையைப் பிளந்தார். வாய்க்காலில் ரத்தம் கலந்து மஞ்சள் பாத்திக்குப் போனதை என் மாமன்மார் இருவரும் பார்த்திருக்கிறார்கள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

பேச்சு நின்றது என்றால் பேசவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் ஊரில் அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. கல்யாண வீட்டிலோ இழவு வீட்டிலோ இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். நடுவில் என்னைப் போல யாராவது அகப்படுவார்கள். "அம்மணி, அவங்ககிட்டச் சொல்லுங்க, எங்கூட்டுத் தண்ணியில வெளஞ்ச சோத்தத் திங்கற வாயி புழுத்துப்போகுமுன்னு." நாம் எதையும் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லப்பட்டவர் காதில் அது ஏற்கெனவே இறங்கியிருக்கும். அவரும் நம்மைப் பார்த்தே பதில் சொல்வார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். வெட்டுவேன் என்பதைக்கூட 'வெட்டிப்போடுவேனுங்க' என்றுதான் சொல்வார்கள், அரிவாளைத் துணியில் சுற்றி எடுத்துப் போகிற மாதிரி. கேட்கிற வெளியூர்க்காரன் என்ன பதவிசான மனுசர்கள் என்று மெச்சிக்கொண்டு போவான்.

அப்புச்சியும் அவருடைய அண்ணனும் போய்ச் சேர்ந்த பிறகுதான் மாமன்மார் ஒன்று சேர்ந்தார்கள். ஒன்று சேர்ந்து அவர்கள் செய்த முதல் காரியம், அந்தச் சண்டையை எடுத்து இணையத்தில் ஒரு சிரிப்புத் தொடராக விட்டது. 'பங்குக் கெணறு' என்று பெயர். அதில் ஒரு குரூரமான ஏற்பாடு இருந்தது. சின்ன மாமன் தன் அப்பாவாக நடிக்கவில்லை, பெரியப்பாவாக நடித்தார். பெரிய மாமன் தன் சித்தப்பாவாக, அதாவது என் அப்புச்சியாக நடித்தார். ஒருவன் அப்பனை மற்றவன் போட்டுக் கிழித்தான். எதிரி வீட்டுக்காரன் நம் அப்பனை எப்படிப் பார்த்து வைத்திருந்தான் என்பது ஒவ்வொரு காட்சியிலும் பச்சையாகத் தெரிந்தது. அப்புச்சி அடிக்கும் முன் வேட்டி முனையால் வாயைத் துடைத்துக்கொள்வார். பெரிய மாமன் அதை அப்படியே செய்தபோது சின்ன மாமனுக்கு நெஞ்சு கொதித்து, ஒத்திகையில் இல்லாத ஒரு அடி விட்டார். பெரிய மாமனின் முன்பல் தெறித்து மண்ணில் விழுந்தது. அவர் நடிப்பை நிறுத்தவே இல்லை. ரத்தத்தைக் காறித் துப்பிவிட்டு, "பல்லு போயிருச்சுங்க, போனாப் போவுதுங்க. இப்ப உங்க வாயக் கொஞ்சம் காட்டுங்க, எதப் பேத்தெடுக்கறதுன்னு பாத்துக்கறேன்" என்றார். அந்தக் காட்சியை நான் ஒரு வெட்டுகூட வெட்டவில்லை, அப்படியே விட்டேன். ஜனங்கள் அதைப் பார்த்துத்தான் எங்களைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள். வயிறு வலிக்கச் சிரித்தவர்களுக்கு, அங்கே அடி நிஜமாகவே விழுகிறது என்பது தெரியும். தெரிந்துதான் சிரித்தார்கள்.

அப்புறம் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. பெரிய பட்ஜெட், நல்ல கேமரா, எல்லாருக்கும் கேரவன். அவர்கள் கேட்டது மாக்குமென்ட்ரி என்ற வகை. யாரோ ஒரு குழு ஒரு பம்ப்செட் கம்பெனியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறது என்று ஒரு பாவனை. ஆபீசில் சண்டை நடக்கும். நடுநடுவே பாத்திரங்கள் தனி அறையில் உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து மனதில் உள்ளதைச் சொல்வார்கள். யாராவது கிறுக்குத்தனம் பண்ணினால் பக்கத்தில் நிற்பவர் கேமராவைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார். சின்ன மாமன் மேனேஜர், பெரிய மாமன் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். சண்டை எதற்கென்றால் ஏசி ரிமோட் யாரிடம் இருப்பது என்பதற்கு! கிணற்றுக்கு மண்டையை உடைத்த வம்சம் ரிமோட்டுக்கு முணுமுணுத்தது.

சின்ன மாமன் இதற்கு ஏன் ஒப்புக்கொண்டார் என்று பணத்தைக் காட்டிப் பேசுகிறவர்கள் உண்டு. அது பொய். அவர் முழுசாக நம்பித்தான் இறங்கினார். அவர் என்னிடம் சொன்ன காரணத்தை எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு எவனும் யோசித்திருக்க முடியாது. "கண்ணு, நம்மாளுக சண்டைன்னா என்னைக்கு நேருக்கு நேரா பேசியிருக்காங்க? மூணாவது ஆளுகிட்டத்தானே பேசுவாங்க? அந்த மூணாவது ஆளுதான் இந்த கேமரா. இது நமக்குன்னே செஞ்சு வெச்ச சமாச்சாரம்." கேட்டபோது எனக்கும் ஆஹா என்றுதான் இருந்தது. தொகுப்பு மேசையில் உட்கார்ந்த முதல் நாளே அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று தெரிந்துபோயிற்று. எங்கள் சண்டையில் மூன்றாவது ஆளிடம் பேசுவது எதிரி கேட்பதற்காக. வார்த்தை என் மேல் பட்டு அவன் மேல் பாய வேண்டும். தனி அறையில் கேமராவிடம் சொன்னால் எதிரிக்கு அது கேட்பதே இல்லை. திட்டியவனுக்கு மனசு ஆறிவிடுகிறது, திட்டு வாங்க வேண்டியவன் சுகமாக டீ குடித்துக்கொண்டிருக்கிறான். ஆறின மனசோடு வெளியே வருகிறவன் எதற்கு அடிக்கப் போகிறான்? பெரிய மாமன் இதை ஒரே பேச்சில் முடித்தார்: "தனி ரூம்ல உக்காந்து திட்டறதுக்கு நான் எதுக்குங்க தம்பி? எங்கூட்டுக் கண்ணாடியப் பாத்துத் திட்டிக்க மாட்டனுங்களா?" ஆனாலும் நடித்தார். இத்தனை வருசம் கழித்துக் கிடைத்த தம்பியை விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை. எனக்கும் அந்தப் பயம்தான் இருந்தது. நிகழ்ச்சி தோற்றால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம், இவர்கள் இரண்டு பேரும் பிரிந்தால் மறுபடி சேர்க்க எந்தச் சாவும் மிச்சம் இல்லை.

முதல் இரண்டு பாகங்களை ரசிகர்களுக்குப் போட்டுக் காட்டத்தான் அந்த மண்டபம். ஆரம்பத்தில் விசில் கிழிந்தது. போகப் போகக் கூட்டம் அடங்கி, மின்விசிறிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அந்த 'ங்க' எல்லாம் இருந்தது, வசனத்துக்கு வசனம் இருந்தது, ஆனால் மிட்டாய்க் கடை பொம்மை தலையாட்டுகிற மாதிரி இருந்தது. முன்வரிசையில் ஒருவர் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, ரொம்பப் பணிவாகக் கேட்டார்: "ஏனுங்கண்ணா, எப்பங்க அடிச்சுக்குவீங்க?" அதற்குப் பிறகுதான் நாற்காலி பறந்தது.

படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். சின்ன மாமன் மேடையேறி மைக்கைப் பிடித்து, இது புது மாதிரியான சிரிப்பு, புரிய நாளாகும், ரசனை கொஞ்சம் வளர வேண்டும் என்கிற ரீதியில் பேசினார். மேடை ஓரத்தில் நின்ற பெரிய மாமன், படிக்கட்டருகே நின்ற என் பக்கம் திரும்பினார். அத்தனை வருசத்துக்குப் பிறகு என்னை நடுவில் நிறுத்திவிட்டார். "அம்மணி, உங்க மாமங்ககிட்டச் சொல்லுங்க, அவிங்கய்யன் மண்டையப் பொளந்தது எங்கய்யனுங்கறது அவருக்கு மறந்துபோச்சாட்ட இருக்குதுன்னு." திறந்திருந்த மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. சின்ன மாமன் என்னைப் பார்த்து, "மறக்கலீங்கன்னு சொல்லு கண்ணு" என்றார். சொல்லிக்கொண்டே மைக் ஸ்டாண்டைப் பிடுங்கி வீசினார்.

அது பெரிய மாமனின் முழங்கையில் பட்டு எலும்புச் சத்தம் கேட்டது. அவர் மற்ற கையால் சின்ன மாமனின் கழுத்தைப் பிடித்து மேடைப் பலகையில் சாய்த்தார். மாறி மாறி விழுந்தது அடி. குத்துவிளக்கு சாய்ந்து எண்ணெய் வழிந்து, இரண்டு பேரும் அதில் வழுக்கி வழுக்கி எழுந்து அடித்துக்கொண்டார்கள். "எந்திரிங்கண்ணா, எந்திரிங்க" என்று சொல்லிச் சொல்லிச் சின்ன மாமன் உதைத்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பாவிகளா, தடுக்காமல் கைதட்டுகிறீர்களே என்று நான் கத்தினேன். என் கத்தல் எனக்கே கேட்கவில்லை. பெரிய மாமன் அவரைச் சட்டையோடு தூக்கி நிறுத்தி, அதே கையால் மூக்கில் ஒரு குத்து விட்டார். ரத்தம் பொலபொலவென்று கொட்டியது. அடுத்த குத்துக்குக் கை ஓங்கியாயிற்று.

அந்த நேரத்தில் சின்ன மாமன் பக்கவாட்டில் திரும்பினார். சென்னைக்காரர்கள் கூட்டத்தைப் பதிவு செய்வதற்காக ஒரு கேமராவைத் தூணோரம் நிறுத்தியிருந்தார்கள். மூக்கிலிருந்து ரத்தம் வழிய, அவர் அதைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

பெரிய மாமனின் கை அப்படியே இறங்கியது. "அங்க யாருங்க தம்பி இருக்கறாங்க?" என்று கேட்டார். கோபமே இல்லாத குரல். நான் பயந்ததெல்லாம் அந்தக் குரலுக்குத்தான். உடைந்த கையை வேட்டி மடிப்பில் தாங்கிக்கொண்டு படியிறங்கி, கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டார்.

மண்டபத்தில் எவனோ போனில் எடுத்து இணையத்தில் விட்டது ஊரெல்லாம் சுற்றியது. இதுதான் பழைய டீம் என்று கொண்டாடினார்கள். எல்லாருக்கும் பிடித்தது அந்தப் புருவம் தூக்கல்தான். சின்ன மாமன் மூக்கில் பிளாஸ்திரியோடு அந்த வீடியோவை என்னிடம் நீட்டி, "பாத்தியா கண்ணு, ஆளுக திரும்பி வந்துட்டாங்க" என்றார். அடுத்த சீசன் முடிவாயிற்று. அதில் ஒரு சண்டையும் உண்டு. அண்ணனைக் கூட்டிக்கொண்டு வா என்று என்னை அனுப்பினார்.

பெரிய மாமனை அவர் வழக்கமாக உட்காரும் பேக்கரியில் பிடித்தேன். கையில் மாவுக்கட்டு. வர்க்கியை டீயில் நனைத்து, பல் இல்லாத பக்கத்தை ஒதுக்கி மென்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "வாரேனுங்கன்னு சொல்லு அம்மணி. ஆனா முதல்ல அவரு கெணத்து மேட்டுக்கு ஒருக்கா வரோணும். கேமரா வேண்டாம், ஒரு ஆளு வேண்டாம். அன்னைக்கு ஓங்குன குத்து பாக்கி கெடக்குது, அதக் குடுத்துப்போடறேன். வாங்கிப்போட்டு எந்திரிச்சு என்ற மூஞ்சியப் பாத்தாருன்னா, மக்யா நாளு விடிஞ்சதுமே ஷூட்டிங்குக்கு வாரேன்."

அப்படியே வந்து சொன்னேன், ஒரு எழுத்து மாற்றாமல். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்கூட. ஒரு குத்தோடு போகிற விசயம், இவர் போய்விடுவார் என்று நினைத்தேன். சின்ன மாமன் மூக்கைத் தடவிக்கொண்டார். கண் கலங்கின மாதிரிகூட இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நீ மட்டும் அந்தப் பக்கம் தென்னைக்குப் பின்னால நின்னு, போன்ல எடுத்துக்க மாட்டியா கண்ணு?"

கையிலிருந்த போனை அவர் காலடியில் ஓங்கி அடித்தேன். சில்லு சில்லாகப் போயிற்று. மாமன் குனிந்து அதைத்தான் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.