கோட்டுக்காரர் பெண் பார்க்க வந்தார்

என் அப்பா தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒருவரைத் திட்டுவார். அந்த ஆளை அவர் நேரில் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் தொலைக்காட்சியில்தான். ஆளுங்கட்சிச் சேனல் ஒன்றில் செய்தி வாசித்துவிட்டு, அதைத் தொடர்ந்து விவாதமும் நடத்துகிற இளைஞர் அவர். சித்திரை வெயிலிலும் நீலக் கோட்டு போட்டிருப்பார். அதனால் அப்பாவுக்கு அவர் வெறும் 'கோட்டு'. புஞ்சையிலிருந்து வந்து கால் கழுவும்போதே, "கோட்டு வந்துட்டானா?" என்று வாசலில் இருந்து குரல் கொடுப்பார்.

அப்பா எதிர்க்கட்சிக்காரர். அந்தக் கட்சிக்கும் ஒரு சேனல் உண்டு. ஆனால் அதைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும். "நம்மாளு என்ன சொல்லுவான்னு நமக்குத் தெரியாதா? அந்தப் பயலைப் போடு" என்பார்.

"கோட்டுக்காரனைத் திட்டாட்டா உங்க அப்பாவுக்குச் சோறு இறங்காது" என்பாள் அம்மா.

நான் அப்போது கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில், நூலைப் பரிசோதிக்கிற பிரிவில் வேலை பார்த்தேன். வேலை முடிந்து டவுன் பஸ்ஸில் வந்து எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில் இறங்கி நடந்து, தெருவுக்குள் திரும்பும்போதே அப்பாவின் குரல் கேட்கும். "பொய்யி! பச்சைப் பொய்யி! ஏலே, நெஞ்சுல கை வச்சுச் சொல்லு, நீ சொல்லுததை நீயே நம்புதியா?" அந்த நேரம் பார்த்து கோட்டுக்காரர், "ஒரு சிறிய இடைவேளைக்குப் பிறகு சந்திப்போம்" என்று கும்பிடுவார். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்காது. "பாத்தியா, பதில் சொல்ல முடியாம விளம்பரத்துக்குள்ள ஓடிட்டான்!"

இப்படியிருக்கும்போது மணியாச்சியில் இருக்கிற என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, எனக்கு ஒரு வரன் கொண்டுவந்தாள். "பையன் மெட்ராஸ்ல டிவி ஆபீஸ்ல வேலை பாக்கான். அவிய அப்பா ரயில்வேல இருந்து ரிடையர் ஆனவரு. எங்க தெருதான். குணமான பையன்" என்று சொல்லிக் கைபேசியை அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா கண்ணாடி இல்லாமல் போனைத் தள்ளி வைத்துப் பார்த்தார். பிறகு கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். முகம் மாறியது. அவர் தோளுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்த அம்மா, சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் போய்ப் பார்த்தேன். கோட்டு இல்லை, மீசை கொஞ்சம் கூடுதலாக இருந்தது. மற்றபடி அவரேதான். என் பெரியப்பா மகன்களின் முகத்தைவிட எனக்கு நன்றாகத் தெரிந்த முகம்.

அன்று எங்கள் வீட்டில் செய்தி ஓடவில்லை. மறுநாள் காலையில் அப்பா அத்தைக்குப் போன் போட்டார். "வரச் சொல்லு. சம்பந்தம் அமையுதோ இல்லையோ, அவன்கிட்ட நேர்ல ஒண்ணு கேக்கணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டுக்காரர் தன் அப்பா அம்மாவோடு ரயிலில் கோவில்பட்டிக்கு வந்து, அங்கிருந்து ஆட்டோவில் எங்கள் ஊருக்கு வந்தார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. டிவியில் அகலமாகத் தெரிந்த ஆள் நேரில் ஒல்லியாக இருந்தார். காது இரண்டும் விடைத்துக்கொண்டு நின்றன. அவ்வளவு பேரைக் கண்டதும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். அடுக்களைக்குள் வந்த அம்மா, "ஏட்டி, அந்தக் கோட்டுக்குள்ள இம்புட்டுதான் ஆளா?" என்றாள்.

காராச்சேவும் காப்பியும் வைத்தோம். அவருக்கு நேர் எதிரே எங்கள் டிவி அணைந்து கிடந்தது. ஊர் நிலவரம், மழை நிலவரம் எல்லாம் பேசி முடிந்ததும் அப்பா தொண்டையைச் செருமினார். அத்தை, "அண்ணே, வேண்டாம்" என்று சைகை காட்டினாள். அப்பா அவள் பக்கமே திரும்பவில்லை.

"தம்பி, தப்பா நினைக்கக்கூடாது. டிவில நீங்க சொல்லுதீங்களே, அதை நீங்க நம்புதீங்களா?"

வந்தவருடைய அம்மாதான் முந்திக்கொண்டார். "நல்லாக் கேளுங்க அண்ணாச்சி. நானும் அதைத்தான் கேக்குதேன். நம்ம ஒன்றியத்துல எல்லா வீட்டுக்கும் தினம் குடிதண்ணி வருதுன்னு போன மாசம் வாசிச்சான். நான் குடத்தோட வரிசையில நின்னுக்கிட்டே போன் போட்டேன். ஏலே, நீ எந்த ஊர்ப் பைப்பைச் சொல்லுதேன்னு கேட்டேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. ஆனால் அப்பாவைப் பார்த்தே பேசினார். அந்தக் குரல் மட்டும் டிவியில் கேட்ட அதே குரல்.

"சிலது நம்புதேன் மாமா. சிலது நம்பலை. தண்ணி விஷயத்தை நான் நம்பலை. ஆனா வாசிக்கும்போது நம்பலைன்னு தோணாது. லைட்டைப் போட்டு, காதுல 'ஆரம்பி'ன்னு சொல்லிட்டா, அந்த நேரத்துக்கு எல்லாம் நிசம் மாதிரிதான் இருக்கும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழத்தும்போதுதான் என்னமோ மாதிரி இருக்கும்."

அப்பா இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக வந்தவர் அவர். ஒரு காராச்சேவை எடுத்துக் கடித்தார்.

"நான் ஒண்ணு கேக்கலாமா மாமா?" என்றார் வந்தவர். "உங்க கட்சிச் சேனல்ல போன வாரம், மெயின் ரோட்ல இருந்து உங்க ஊருக்கு ரோடே போடலை, சனங்க சேத்துல நடக்காங்கன்னு சொன்னாங்க. நாங்க இப்ப அந்த ரோட்லதான் வந்தோம். வழவழன்னு இருக்கு. நீங்க அந்தச் செய்தியைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நம்புனீங்களா?"

அப்பா வாசல் பக்கம் பார்த்தார். அந்த ரோட்டில்தான் அவர் தினமும் பைக்கில் போய் வருகிறார். ரோடு போட்டபோது ஜல்லி சரியில்லை என்று நின்று சண்டை போட்டதும் அவர்தான். அம்மா விடவில்லை. "நம்புனதா? அன்னைக்குப் பூராவும், அநியாயத்தைப் பாத்தியான்னு வாட்ஸ்அப்ல எல்லாருக்கும் அனுப்பிட்டு இருந்தாவ!"

அப்பாவின் மீசை துடித்தது. கோபம் வருகிறதோ என்று பயந்தேன். ஆனால் அவர் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தார். வந்தவரின் அப்பா சிரித்தார், அத்தை சிரித்தாள், வாசலில் நின்ற கூட்டம் எதற்கென்று தெரியாமலே சிரித்தது. "ஆமா மாப்ள, நம்பித்தான் தொலைச்சேன்" என்றார் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. நிச்சயம் பேசுவதற்கு முன்பே அவர் வாயிலிருந்து 'மாப்ள' வந்துவிட்டதை அத்தை மட்டும் கவனித்து, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

எங்கள் இருவரையும் தனியாகப் பேசச் சொன்னார்கள். வீட்டுக்குப் பின்னால் டிராக்டர் நிற்கிற கொட்டகைக்குப் போனோம். அப்பா அப்படிச் சிரித்ததில் எனக்கும் வந்தவரைப் பிடித்துப்போயிருந்தது. இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"நம்பாததை எதுக்கு வாசிக்கீங்க?"

"நான் சின்ன வயசுல மணியாச்சி பிளாட்பாரத்துல உக்காந்து ரயில் வாரதை அறிவிக்குத மாதிரி கத்திக்கிட்டே இருப்பேன். குரலை வச்சுப் பொழைக்கணும்னு ஆசை. கிடைச்ச இடம் இது" என்றார். பிறகு, "எங்க ஆபீஸ்ல ஒரு சீனியர் இருக்காரு. எழுதிக் கொடுக்குத ஒவ்வொரு எழுத்தையும் அவரு நம்புதாரு. எங்கள்ல ரொம்ப சந்தோஷமா இருக்கது அவருதான். இன்னொருத்தர் ஒண்ணையுமே நம்ப மாட்டாரு. ஆனா அவரு வாசிச்சா கேக்கவங்க அழுதுருவாங்க" என்றார்.

"நீங்க?"

அவர் டிராக்டர் சக்கரத்தில் காய்ந்திருந்த கரிசல் மண்ணை விரலால் உதிர்த்துக்கொண்டே சொன்னார். "என்னால முடிஞ்சது ஒண்ணுதான். 'எல்லா கிராமங்களிலும்'னு எழுதியிருந்தா, 'கிராமங்களில்'னு வாசிப்பேன். 'எல்லா'வை முழுங்கிருவேன். யாருக்கும் தெரியாது."

"அது போதுமா?"

"போதாது" என்றார் உடனே.

போதும் என்று சொல்லியிருந்தால் நான் அன்று சம்மதித்திருப்பேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

கல்யாணம் கோவில்பட்டியில் நடந்தது. அப்பாவின் கட்சிக்காரர்கள் ஒரு வரிசையிலும் மாப்பிள்ளையின் சேனல்காரர்கள் எதிர் வரிசையிலும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாயசம் இரண்டு வரிசைக்கும் ஒரே வாளியிலிருந்துதான் போனது. நான் சென்னைக்குப் போய் அங்கே ஒரு துணி நிறுவனத்தில் சேர்ந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அப்பா திட்டுவதை விட்டுவிடுவார் என்று நினைத்தோம். விடவில்லை. மரியாதையாகத் திட்டினார். "மாப்ள சொல்லுதது சுத்தப் பொய்யி" என்பாராம். ஆனால் 'எல்லா'வை முழுங்குகிற கதையை நான் ஒருநாள் உளறிவிட்டேன். அதற்குப் பிறகு அப்பா டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, காதைக் கூர்மையாக்கிக் கேட்க ஆரம்பித்தார். செய்தி முடிந்ததும் எனக்குப் போன் வரும். "இன்னைக்கு 'முற்றிலும்'ங்கதை முழுங்கிட்டாரு. பஸ்ஸு விஷயத்துல. சரியா?" நான் என் கணவரிடம் கேட்டுச் சொல்வேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சில நாள் அவர் எதையும் முழுங்கியிருக்க மாட்டார். அன்றைக்குத் தும்மலை அடக்கியிருப்பார்.

ஒரு மார்கழியில் எங்கள் பக்கம் மழை கொட்டித் தீர்த்தது. வராத வருஷம் வராது. வந்தால் கரிசல் மண் தண்ணீரை விடாது. அறுக்க வேண்டிய உளுந்தும் பாசிப்பயறும் செடியிலேயே முளைத்துக்கொண்டிருந்தன. லீவில் நாங்கள் ஊருக்கு வந்திருந்தோம். என் கணவர் அப்பாவோடு புஞ்சைக்குப் போனார். முழங்கால்வரை சேற்றில் நின்று ஒரு உளுந்து நெற்றைப் பிரித்துப் பார்த்தவர், அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

சென்னைக்குத் திரும்பிய முதல் நாளே அவர் கையில் வந்தது அந்தச் செய்திதான். தென் மாவட்டங்களில் பயிர்ச் சேதம் ஏதும் இல்லை என்று எழுதியிருந்தது. நான் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஏதும்' என்பதை முழுங்குவார் என்று நினைத்தேன். முழுங்கினாலும் அந்த வரி மாறாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் வரியைப் படித்தார். நிறுத்தினார். தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, "நான் நேற்று அங்கேதான் இருந்தேன். கோவில்பட்டி பக்கம் உளுந்து செடியிலேயே முளைத்திருக்கிறது" என்றார். அதற்குப் பிறகு அடுத்த செய்திக்குப் போய்விட்டார்.

நான் டிவிக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டேன். பயமா சந்தோஷமா என்று பிரிக்க முடியவில்லை. போன் அடித்தது. அப்பா. பின்னால் அம்மா, "சொல்லுங்களேன்" என்று அவரை இடிப்பது கேட்டது. கடைசியில், "மாப்ள சாப்பிட்டாராம்மா?" என்று மட்டும் கேட்டார்.

வேலை போகவில்லை. ஆனால் விவாதமும் ஏழு மணிச் செய்தியும் நீலக் கோட்டும் போயின. காலையில் வானிலையும் சந்தை விலையும் வாசிக்கச் சொன்னார்கள். தண்டனை என்றுதான் கொடுத்தார்கள். அவருக்கு அது தண்டனையாகவே தெரியவில்லை. வீட்டில் படம் வரைந்து காற்றழுத்தம் படித்தார். மேகத்தின் பெயர்களை, அதற்குள் பிறந்து பேசப் பழகியிருந்த எங்கள் மகளுக்குப் பாட்டாகச் சொல்லிக்கொடுத்தார். ராத்திரி சட்டையைக் கழற்றும்போது விசிலடித்தார். அப்பாவுக்குத்தான் ஏமாற்றம். சாயங்காலம் ஏழு மணிக்கு யாரைத் திட்டுவது? கோட்டு போட்டு வந்த புது ஆள் அவருக்கு ருசிக்கவே இல்லை.

போன பங்குனியில் நானும் மகளும் ஊரில் இருந்தோம். மிளகாய்ப் பழம் பறித்துக் களத்தில் காயப்போட்டிருந்தது. காலையில் என் கணவர் திரையில் வந்து, "தென் தமிழகத்தில் வறண்ட வானிலையே நிலவும்" என்றார். அப்பா தார்ப்பாயைச் சுருட்டி வீட்டுக்குள் வைத்துவிட்டார். மத்தியானம் திடீரென்று வானம் இருட்டி, எங்கிருந்தோ ஒரு கோடை மழை இறங்கியது.

எல்லோரும் ஓடினோம். சாக்கு, பாய், அம்மாவின் பழைய சேலை, எது கிடைத்ததோ அதில் அள்ளினோம். பக்கத்துக் களத்துக்காரர்களும் வந்து கைகொடுத்தார்கள். முக்கால்வாசி தப்பித்தது. அப்பா வீட்டுக்குள் வந்து, நனைந்த துண்டோடு நின்று மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

"மாப்ள, காலைல சொன்னீங்களே, அதை நம்பியா சொன்னீங்க?"

"சத்தியமா நம்பிச் சொன்னேன் மாமா! ஏன்?"

அப்பாவுக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. ஈர மிளகாயை வீட்டுக்குள் கூடத்திலும் அறையிலும் கட்டிலிலும் பரப்பி மின்விசிறியை ஓட விட்டிருந்தோம். அந்த நெடியில் முதலில் மகள் தும்மினாள், பிறகு அம்மா, பிறகு நான். போனில் அவர், "ஹலோ, அங்கன என்ன நடக்குது? மழையா? எவ்வளவு மழை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தும்மலை நிறுத்தி அவருக்குப் பதில் சொல்ல எங்களில் ஒருவராலும் முடியவில்லை.