எனக்கு மட்டும் தெரிந்த சிம்பொனி

எனக்கென்று ஓர் இசையமைப்பாளர் இருந்தார். செத்து நெடுங்காலம் ஆகிறது. அருமையான சிம்பொனிகள் எழுதியும் உலகம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. பெயரைச் சொல்லமாட்டேன். இன்னும் யாராவது பங்குக்கு வந்தால் என்னால் தாங்க முடியாது.

பினாங்கு ஜார்ஜ்டவுனில், என்னைப் போல வேறு பிழைப்பு உள்ளவர்கள் சேர்ந்து நடத்தும் இசைக்குழுவில் நான் வயோலா வாசிக்கிறேன். வயலினைவிடச் சற்றுப் பெரியது. கூட்டத்தில் அதன் குரல் யார் காதிலும் தனியாக விழாது. வாரநாட்களில் கடலுக்கு அக்கரையில் மாக் மண்டின் தொழிற்சாலையில் வேலை; வீடும் அங்கேதான். பாலம் தாண்டி ஒத்திகைக்குப் போகும்போதெல்லாம் காரில் அந்த மனிதரின் சிம்பொனிதான் ஓடும். தீவிலிருக்கும் தன் அம்மா வீட்டுக்கு வரும் என் மனைவி பக்கத்தில் தூங்கிவிடுவாள்.

குழுவின் பழைய நடத்துநரிடம் கெஞ்சிக் கூத்தாடி அதை ஒருமுறை மேடையேற்ற வைத்தேன். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. இழுத்து இழுத்து நடத்தினார். முதல் பகுதி முடிந்ததும் பினாங்குக்காரர்கள் வழக்கம்போலக் கைதட்டினார்கள். எல்லாப் பகுதியும் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டும் என்று அவர் திரும்பி முறைத்தார். அப்புறம் யார் தட்டுவார்கள்? முடிவதற்குள் பாதி அரங்கம் நாசி கண்டார் சோற்றுக் கடைக்குக் கிளம்பிவிட்டது.

பிறகு புதியவர் வந்தார். என்னைவிடச் சின்னவர், வெளிநாட்டில் படித்த சீனர். காரில் ஓடும் அந்தச் சிம்பொனி ஒலித்தட்டை நானே அவர் கையில் கொடுத்தேன். ஒத்திகையில் எங்களிடம், வாசிக்க வேண்டாம், முதலில் வாயால் பாடுங்கள் என்றார். வெட்கத்தோடு பாடினோம். மற்ற வாத்தியங்களை அடக்கி, மெதுவான பகுதியில் வயோலாக்களின் மெட்டை மேலே கொண்டுவந்தார்.

நிகழ்ச்சி ஒரு ஞாயிறு பிற்பகல். வாசிக்கும் முன், இந்த இசையைத் தான் கண்டெடுத்த கதையைச் சபைக்குச் சொன்னார். அந்தக் கதையில் நான் இல்லை. முதல் பகுதி முடிந்து கைதட்டல் எழுந்தபோது, முறைக்காமல் திரும்பிச் சிரித்துத் தலைகுனிந்தார். அதோடு அரங்கம் அவர் பக்கம் போய்விட்டது. கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

வெளியே என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“என்னங்க, இவ்ளோ அழகா இருக்கு. இத்தன வருசமா எனக்குப் போட்டே காட்டலையே நீங்க?”

“காடியில இதான்லா ஓடுது! நீ குறட்ட விட்டுக்கிட்டு வந்த.”

“சும்மா சொல்லாதீங்க. அது வேற, இது வேற.”

திரும்பும் வழியில், வீம்புக்கு அதே ஒலித்தட்டைப் போட்டேன். அவள் இந்த முறை தூங்கவில்லை. மெதுவான பகுதி வந்து, போயும்விட்டது.

“பாத்தீங்களா? அந்த மெட்டையே காணோம்.”

நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் ஓட்டினேன். எனக்கும் கேட்கவில்லை. இத்தனை வருடம் நான் கொண்டாடியதில் அது இருந்ததே இல்லை. ஒலித்தட்டை நிறுத்தினேன்.

பாலம் முடிகிற இடத்தில் அவள் கேட்டாள்: “அவரு மறுபடி எப்பங்க இத நடத்துவாரு?”

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.