கவுனின் உட்பக்கம்

2004இல் லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் நான் ஒரு குற்றம் செய்தேன். ஐம்பதுகளில் பாரிஸில் தைத்த பூவேலைக் கவுன் ஒன்றை, சேலைக்கடைப் பழக்கத்தில் வேலைப்பாட்டின் தரம் அறிய விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். அதில் தைத்திருந்த பாசிமணி ஒன்று கழன்றது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நழுவினேன்.

காவல் நின்றவர் பெரிய மீசைக்காரர், யாழ்ப்பாணத்தவர். யார் நெருங்கினாலும் செருமுவார். என் நரைக்கு மட்டும் செருமவில்லை.

அடுத்த வாரம் மணியோடு போனேன்.

"மணி காணேல்லையெண்டு என்னை வேலையால நிப்பாட்டப் போகினம், ஐயா," என்றார் மீசைக்காரர்.

மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மீசைக்காரரின் வேலை தப்பியது. எனக்கு நுழையத் தடை. என்னை வெளியேற்றும் பொறுப்பு அவருக்கே கிடைத்தது. கடுமையான முகத்தோடு வாசல்வரை வந்தவர், படியில் குனிந்து கேட்டார்:

"ஆறு வருசமாக் காவல் நிக்கிறன், ஐயா. உள்பக்கம் முடிச்சுகள் தெரிஞ்சதோ?"