மாசாய் கஸ்தூரியும் சூடம் காட்டிய பிசினும்

ஜொகூர் ஆயர் ஈத்தாமில் பானை, பூந்தொட்டி செய்யக் களிமண் ஏற்றுகிற லாரிகளில் ஒன்பது என்னுடையது. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எவனும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. அப்படிப்பட்ட இந்த அய்யாவு ஒருத்தரைப் பார்த்து அசந்தான் என்றால், அது லேசுப்பட்ட ஆளாக இருக்க முடியாது.

அவள் பெயர் கஸ்தூரி. என் மூத்த மகள் வயது, அதனால் அவள் என்றே எழுதுகிறேன். மாசாயில் வீடு. பாசிர் கூடாங்கில் ஒரு பெயிண்ட் பேக்டரியின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஷிப்ட் வேலை. பெயிண்டில் கலக்கிற பிசினை மோந்தே தரம் சொல்லிவிடுவாள்.

போன வருஷம் பூந்தொட்டி வாங்க வந்தவள், என் ஆபிஸ் மேசையில் இருந்த மஞ்சள் கட்டியைப் பார்த்து நின்றுவிட்டாள். களிமண் குழியில் இருபதடி ஆழத்தில், கறுத்துப்போன மரத்துண்டோடு என் ஆட்கள் எடுத்தது. மொத்தம் ஏழு கட்டி. கொசுவுக்குப் புகை போடலாம் என்றார்கள், நான்தான் விடவில்லை.

"அம்பர்மா இது. ஊருக்கே சொல்லிட்டேன்" என்றேன்.

"சொல்லிட்டீங்க, சரி. பார்த்தீங்களா அங்கிள்?"

கைப்பையிலிருந்து நகச்சாயம் அழிக்கிற தண்ணியை எடுத்து ஒரு சொட்டு விட்டாள். விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. மரப்பிசின் மண்ணுக்குள் கிடந்து வாசனையெல்லாம் போய், லட்சக்கணக்கான வருஷம் முற்றி இறுகினால்தான் அம்பராம். இப்படி ஒட்டினால் இன்னும் முற்றாத கோப்பலாம். எனக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு. அவளுக்கோ கண் விரிந்தது. "முற்றாததுன்னாலும் எவ்வளவு பழசுன்னு பார்க்கணும் அங்கிள்" என்று ஏழையும் கேட்டு வாங்கிப் போனாள்.

எட்டு மாசம். ஷிப்ட் முடிந்து தூங்க வேண்டிய நேரத்தில் சுரண்டினாள், எடை போட்டாள், நோட்டுப் புத்தகம் நிறைய எழுதினாள். பல்கலைக்கழகத்தில் பிசின் ஆராய்கிற டாக்டர் ஷிரீன் அதைப் படித்துவிட்டு, ஜொகூர் பாருவில் நடக்கும் ஆய்வாளர் கூட்டத்தில் இவளையே பேசச் சொன்னார். பட்டம் வாங்காதவளுக்கு அந்த மேடை. சும்மாவா?

கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது என் வீட்டு வாசலில் கஸ்தூரியின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பல்கலைக்கழக மெஷின் அந்தக் கட்டிகளில் சூடம் இருப்பதாகக் காட்டுகிறதாம். அவ்வளவு பழைய பிசினில் அந்த வாசனை தங்காது. ஒன்று, பிசின் புதுசு. இல்லை, யாரோ எதையோ சேர்த்திருக்கிறார்கள்.

பேசிக்கொண்டே வந்தவள் சாமி மேடையைப் பார்த்தாள். மேலே கூரை கறுத்திருந்தது.

"அங்கிள், கட்டியெல்லாம் எங்கிட்ட குடுக்கிறதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு?"

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். என் மனைவி வாசுகி விடுவாளா?

"வெள்ளித்தட்டுலதான். சந்தனம் குங்குமம் வெச்சு ஏழுக்கும் முப்பது நாள் சூடம் காட்டினாரு. அப்புறந்தான் ஒண்ணை ஆபிஸுக்குக் கொண்டுபோனாரு. சங்கு ஊதலை, அது ஒண்ணுதான் பாக்கி."

"மண்ணு குடுத்தது, சும்மா வெக்க முடியுமா?" என்றேன். "துடைச்சுதானே குடுத்தேன். மேலாக்கச் சுரண்டிட்டுப் பேசும்மா, யாருக்குத் தெரியப்போகுது?"

"மெஷினுக்குத் தெரிஞ்சிருச்சே அங்கிள்."

அங்கேயே நின்று, எனக்கும் கேட்கிற மாதிரி போன் போட்டாள். "டாக்டர், எட்டு மாசக் கணக்கையும் தள்ளிடுங்க. ஏழு கட்டியும் கெட்டுப்போச்சு" என்றாள். மேடை போனால் போகட்டும் என்று சொல்கிறவளை நான் அன்றுதான் பார்த்தேன். "மண்ணுக்குள்ள இன்னும் ஒண்ணு இருக்குமா கஸ்தூரி? புதுசா ஒண்ணு கிடைச்சா பேசுங்க" என்றார் டாக்டர் ஷிரீன்.

குழியில் மழைத்தண்ணி நிரம்பிக் கிடந்தது. ரெண்டு பம்பு போட்டு மூன்றே நாளில் வற்றவைத்தேன், வேறு எவனாலும் முடியாது. ஆனால் முழங்கால் சேற்றில் இறங்கி, லீவு எடுத்து நாலு நாள் தேடியது அவள். கடைசி நாள் சாயங்காலம், கறுத்த மரத்தோடு ஒட்டிய ஒரு கட்டி. உறை போட்ட கையால் எடுத்து, வெள்ளித் தாளில் சுற்றினாள். என்னைத் தொடவிடவில்லை.

கூட்டத்துக்கு முதல் நாள் முடிவு வந்தது. சூடம் இல்லை. அம்பரும் இல்லை. ஒட்டியிருந்த மரம் மட்டும், அவர்கள் வயது பார்க்கிற முறையால் எட்டிப் பிடிக்க முடியாத அளவுக்கு, அதாவது ஐம்பதாயிரம் வருஷத்துக்கும் மேலே, பழசு.

நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் கஸ்தூரி நல்லதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அவள் ஆரம்பித்ததே கெட்டுப்போன ஏழு கட்டியிலிருந்துதான். "லாரி முதலாளி அய்யாவு ஐயா வீட்டுச் சாமி மேடை" என்று பேரோடு சொன்னாள். கூட்டம் சிரித்தது. நான் எழுந்து நின்று கை தூக்கினேன். ஒளிந்து பழக்கமில்லை எனக்கு.

இப்போது டாக்டர் ஷிரீன், பிசின் கொண்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தாளில் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறார்: இதற்குச் சூடம், சாம்பிராணி, புகை ஏதாவது காட்டினீர்களா? கஸ்தூரி எடுத்த கட்டிக்கு அந்தத் தாளை நிரப்பியது நான்தான். தமிழில், பெரிய எழுத்தில்: இல்லை.