ஒரு பேப்பர் பாக்கி

கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் பட்டம் போடுகிற வழக்கத்தை எந்தப் புண்ணியவான் ஆரம்பித்து வைத்தானோ, கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்டுவிடுவேன். என் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.இ. என்றும், அடைப்புக்குறிக்குள் துபாய் என்றும் அச்சாகியிருந்தது. இரண்டுமே பொய். நான் இருந்தது ஷார்ஜாவில். பி.இ.யோ, மூன்றாம் செமஸ்டர் கணக்குப் பேப்பர் ஒன்று பாஸாகாமல் அந்தரத்தில் நின்றது.

எம்-த்ரீ என்று அதற்குப் பெயர். நம் ஊரில் இன்ஜினியரிங் படித்தவர் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். ஏழு தடவை எழுதினேன். ஏழு தடவையும் ஊற்றிக்கொண்டது. நாலு வருஷம் முடிந்து ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது எல்லாரும் "புள்ள படிச்சு முடிச்சுட்டான்" என்றார்கள். நான் மறுக்கவில்லை. அடுத்த தடவை எழுதிப் பாஸ் செய்துவிட்டால் பொய் தானாக உண்மையாகிவிடும் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். கணக்கில்தான் நான் வீக் ஆயிற்றே.

ஏ.சி. டெக்னீஷியன் விசாவில் இங்கே வந்து பதினொரு வருஷம் ஆகிறது. வந்த அன்று யாரும் சர்டிபிகேட் கேட்கவில்லை. "கேஸ் சார்ஜ் பண்ணத் தெரியுமா பாய்?" என்று இந்தியில் கேட்டார்கள், தெரியும் என்றேன், அவ்வளவுதான் இன்டர்வியூ. கொஞ்சம் கொஞ்சமாக சைட் மொத்தமும் என் கைக்கு வந்தது. மொட்டைமாடியில் ஓடுகிற மெஷினின் சத்தத்தை வைத்தே எது இன்னும் ஒரு வாரத்தில் படுத்துவிடும் என்று சொல்லிவிடுவேன். ஹெல்ப்பர்கள் என்னை இன்ஜினியர் சாப் என்றார்கள். என் டீமில் ஏணி தூக்கிய பையன் ஒருவன் எம்.பி.ஏ. அவனை வேலை வாங்கிய சார்ஜ்ஹேண்ட், அதாவது மேஸ்திரி, எட்டாம் வகுப்பு. இதையெல்லாம் எடுத்துக்காட்டி, பட்டமாவது மண்ணாங்கட்டியாவது, கையில் வேலை இருந்தால் போதும் என்று நானே எத்தனையோ பேருக்குப் பிரசங்கம் செய்திருக்கிறேன். அப்படிப் பேசும்போதெல்லாம் உள்ளே ஒரு முள் குத்தும்.

இந்த வருஷம் அந்த முள் சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கம்பெனிக்கு ஒரு பெரிய கட்டடத்தின் மெயின்டனன்ஸ் காண்ட்ராக்ட் கிடைத்தது. சைட்டைப் பார்க்கிற இன்ஜினியரின் டிகிரி, அட்டஸ்டேஷன் என்கிற அரசாங்கச் சரிபார்ப்பு முத்திரையோடு ஃபைலில் இருக்க வேண்டும் என்று கட்டடக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். எச்.ஆரில் இருக்கும் மலையாளிப் பெண் என்னைக் கூப்பிட்டாள்.

"சேட்டா, ஒரிஜினல் டிகிரி கொண்டு வரணும். அட்டஸ்டேஷன் கழிஞ்சா விசாவில இன்ஜினியர்னு மாத்தலாம், சம்பளமும் கூடும். இல்லெங்கில் வேற ஆளைத்தான் எடுக்கணும். அந்த ஆளுக்குக் கீழே சேட்டன்."

"ஊர்ல இருக்கு. மூணு மாசத்துல வந்துரும்" என்றேன். வாய் கூசவில்லை. பதினைந்து வருஷப் பழக்கம்.

அன்று முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை. சிக்னலில் நிற்கும்போது பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் பின்னால் வந்தவர்களிடம் திட்டு வாங்கினேன். அதே வாரம் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. பழைய மாணவர்கள் அரியர் எழுத யுனிவர்சிட்டி ஒரு கடைசி வாய்ப்புக் கொடுக்கிறதாம். கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டு அன்றே பணம் கட்டினேன்; பரீட்சைக்கு ஊருக்குப் போக என்ன சாக்குச் சொல்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சிலபஸைப் பிரிண்ட் எடுத்தேன். நோட்டு ஒன்று வாங்கினேன். இரண்டையும் கார் டிக்கியில், ஸ்டெப்னிக்கு அடியில் வைத்தேன்.

வீட்டில் படிக்க முடியாது. ஏனென்றால் என் மனைவி எம்.எஸ்சி., கணிதம். சிரிக்காதீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூவுக்குக் கணக்கு டீச்சர். நிச்சயதார்த்தம் முடிந்த வாரமே வேலையை விட்டாள். ஒன்பது வருஷமாக ஷார்ஜாவின் ரோலா பகுதியில், மூன்றாவது மாடியில், எங்கள் மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதுதான் அவளுக்குக் கணக்கு. மகளும் அதை இங்கிலீஷில்தான் ஒப்பிப்பாள்.

ஆகவே டூட்டி முடிந்து வந்ததும் பில்டிங்குக்குப் பின்னால் இருக்கும் மண் பார்க்கிங்கில் காரை நிறுத்தி, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கின் மேல் நோட்டை வைத்துப் படித்தேன். முப்பத்தேழு வயசில் இன்டக்ரேஷன்! மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. ஒரு கணக்கை நாலு தடவை போட்டால் நாலு விடை வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை வேறு. "ஏன் லேட்டு?" என்றால் டிராஃபிக் என்பேன். லீவு நாளான வெள்ளிக்கிழமைகூட டயர் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்குவேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம், இடது பக்கக் கதவு படீரென்று திறந்தது. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவள்தான். முகம் சிவந்திருந்தது.

"யாருங்க அவ?"

"எவ?"

"தினமும் ஒரு மணி நேரம் கார்ல உக்காந்து யார்கூடப் பேசுறீங்க? ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்? போனைக் குடுங்க."

போனை எடுக்கக் குனிந்தவளின் கண்ணில் நோட்டுப் பட்டது. பிடுங்கினாள். ஒரு பக்கம் புரட்டினாள், இன்னொரு பக்கம் புரட்டினாள். சந்தேகம் பிடித்து மூன்று மாடி இறங்கி வந்தவள் முதலில் சொன்னது இதுதான்: "இந்த ஸ்டெப்பே தப்பு."

பிறகுதான், "இது உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டாள்.

சொல்லிவிட்டேன். பத்திரிகையில் ஆரம்பித்து எச்.ஆர். வரைக்கும். சொல்லச் சொல்ல எனக்கு வியர்த்தது. வேறொருத்தி இருந்திருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காதோ என்று தோன்றியது. அவள் நோட்டை எடுத்துக்கொண்டு மேலே போனாள். நானும் பின்னாலேயே போனேன். மகளை டி.வி. முன்னால் உட்காரவைத்துவிட்டு சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"நான் நல்லாத்தான பாடம் நடத்திக்கிட்டு இருந்தேன்? என் கிளாஸ்ல ஒருத்தர்கூட ஃபெயில் இல்ல. மாப்பிள்ளை இன்ஜினியரு, இனி நீ எதுக்கும்மா சாக்பீஸ் பிடிக்கணும்னு அப்பா சொன்னாரு. உங்க பி.இ.க்காக என் வேலையை விட்டேன். அந்த பி.இ.யே இல்லையா?"

"எழுதிருவேன். இந்தத் தடவை..."

"என்கிட்டச் சொல்லியிருந்தா ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியே பாஸாக்கி விட்டிருப்பேனே, பாவி மனுசா."

அவள் என்னை மனுசா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

"அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க. இப்பவே. ஸ்பீக்கர்ல போடுங்க. நான் பேச மாட்டேன்."

என் மாமனார் சொந்த பந்தத்தில் யாரைப் பார்த்தாலும் "எங்க மாப்ள இன்ஜினியரு" என்றுதான் பேச்சையே தொடங்குவார். இரண்டாவது ரிங்கிலேயே போனை எடுத்துவிட்டார். நலம் விசாரிக்கவெல்லாம் எனக்குத் தெம்பில்லை.

"மாமா, ஒரு விஷயம். நான் டிகிரி முடிக்கல. ஒரு பேப்பர் பாக்கி. கல்யாணத்தப்பவே பாக்கிதான். மன்னிச்சிருங்க."

அந்தப் பக்கம் இருமல் சத்தம். பிறகு, சாதாரணமாக, "இதுக்கா இப்படிப் பதறுறீக? அது தெரியும் மாப்ள."

"தெரியுமா?"

"பொண்ணு குடுக்கறவன் விசாரிக்காம இருப்பனா? உங்க காலேஜ் ஆபீஸ்லயே கேட்டேன். ஒரு பேப்பர் நிக்கிதுன்னு சொன்னாக. வெளிநாட்டு வேலை கையில இருக்கு, பேப்பர் கிடக்கட்டும்னு விட்டுட்டேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவுக சும்மாவா சொன்னாக? எம் மககிட்ட மட்டும் சொல்லிறாதீக, வருத்தப்படுவா."

பேச மாட்டேன் என்றவள் போனின் பக்கம் குனிந்தாள்.

"ஆயிரமும் எனக்குத்தானாப்பா?"

மாமனார், "யம்மா... நீயும் இருக்கியா?" என்றார். "நல்ல இடம்மா அது. நீ நல்லா இருக்கணும்னுதான..." என்றார். பிறகு சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். எங்களுக்கு அவர் மூச்சு விடுவதுகூடத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் அவள் தோளைத் தொடப் போனேன். விலகிக்கொண்டாள். ஸ்டவ்வில் இருந்த பருப்பை இறக்கிவைத்தாள். நோட்டைத் திறந்து, நான் தப்பாகப் போட்டிருந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தாள்.

"பரீட்சை என்னைக்கு?"

"இன்னும் இருபத்திரெண்டு நாள் இருக்கு."

"பாஸாயிருவீங்க. தினமும் ஒரு மணி நேரம், இங்க, இந்த டேபிள்ல. கார்ல இல்ல." நோட்டை மூடினாள். "அந்த அட்டஸ்டேஷன் எங்க குடுக்கணும்?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஆபீஸ் இருக்கு. நான் பாஸாகி, ரிசல்ட் வந்து, யுனிவர்சிட்டி சர்டிபிகேட் அனுப்பினப்புறம்தான..."

"உங்களோடது வர்றப்ப வரட்டும். என்னோட எம்.எஸ்சி. ரெடியா இருக்கு. காலைல நான் போறேன்."

அவளுடைய சர்டிபிகேட் ஊரில் இருக்கிறதா இங்கே இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அவள் நேராகப் போய் அலமாரியில் என் தட்டைத் திறந்து, அடுக்கியிருந்த என் பனியன்களைத் தூக்கினாள். அவற்றுக்கு அடியில்தான் அந்த ஃபைல் இருந்தது.