பன்னிரண்டில் ஒன்று: திருவள்ளூரிலிருந்து ஆரம்பாக்கம் வரை

குடும்பத்தில் வழிவழியாக வரும் கண் நோய்க்காகச் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பரிசோதனைக்குப் போகப்போகிறோம், என்னென்ன கேட்டுத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று ஒருவர் இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தார். அப்படி ஒரு பயணத்தை எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மாதத்தில், நான் ஜீப்பில் போயிருக்கிறேன். அதனால் இந்த முறை அதை எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். என் கையெழுத்தைப் பார்த்து மருமகள்தான் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். போன கட்டுரையில் ஒரு வரியை அவளாகவே எடுத்துவிட்டாள். எந்த வரி என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை எதையும் எடுக்கக்கூடாது.

அப்போது எங்கள் வீடு திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் பக்கம். நைனா, அதாவது என் அப்பா, எனக்கு எட்டு வயதிருக்கும்போதே போய்விட்டார். அம்மா இட்லி சுட்டு விற்று எங்களை வளர்த்தாள். அண்ணன் ஏழுமலைக்கு மாலைக்கண். பகலில் எல்லாரையும்போல இருப்பான், விளக்கு வைக்கிற நேரம் வந்துவிட்டால் சுவரைத் தடவுவான். கீரை, ஈரல், மீன் எண்ணெய் எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. அமாவாசைக்கு அமாவாசை பெருமாள் கோயில் குளத்தில் அம்மா வெல்லம் கரைத்தாள். கும்மிடிப்பூண்டியில் புதிதாகக் கம்பெனிகள் வர ஆரம்பித்த காலம் அது. ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவன், சாயங்கால ஷிப்டில் தடுக்கி விழுந்து, ஒரே வாரத்தில் திரும்பி வந்தான்.

எனக்குப் பதினேழு வயது. அம்மாவின் தம்பி தனபால் மாமாவுக்கு என்னைக் கட்டுவதாக வைகாசியில் நாள் குறித்தாயிற்று. அவர் ஆரம்பாக்கத்தில் இருந்தார், கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. எனக்கும் அவர்மேல் ஆசைதான். அதை எதற்கு இந்த வயதில் மறைக்க வேண்டும்?

அந்தச் சமயத்தில் எங்கள் ஊரில் கண் முகாம் போட்டார்கள். பட்டணத்திலிருந்து வந்த டாக்டரம்மா அண்ணன் கண்ணுக்குள் வெகுநேரம் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். இது சத்துக் குறைவால் வந்தது இல்லை, குடும்பத்தில் இறங்கி வருவது என்றார். அது எப்படி இறங்குகிறது என்பதைத்தான் அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். என் கல்யாணச் சேதியை அம்மா பேச்சுவாக்கில் சொன்னதும் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"இது ரெண்டு விதமா வரும்மா. ஒரு பக்கத்துல இருந்து மட்டும் வரலாம். இல்ல, அப்பா பக்கம் அம்மா பக்கம் ரெண்டுலயும் வெளியில தெரியாம மறைஞ்சிருந்து புள்ளைக்கு வரலாம். உங்க வீட்டுக்காரருக்கு எப்படி?"

"அவருக்கும் பொழுது சாஞ்சா தடவல்தாங்க" என்றாள் அம்மா.

அப்பா பக்கம் மட்டும் என்றால் மாமாவுக்குப் பயமில்லை, மறைந்து வந்தது என்றால் யோசிக்க வேண்டும், இரண்டு பக்கத்து ஆட்களையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் டாக்டரம்மா. வழிகாட்ட அம்மாவும் நானும் போவதென்று ஆயிற்று. நைனா பக்கம்தான் என்று முடிவாகிவிட வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல்.

நைனா பக்கத்தில் உயிரோடு இருந்தது பெரியபாளையத்தை அடுத்த ஆரணியில் இருந்த கன்னியம்மா அத்தை மட்டும். நைனா சாவு வீட்டில், இருட்டுகிற நேரத்தில், அண்ணன் தலைமாட்டு விளக்கைக் காலால் தட்டிவிட்டான். பத்துப் பேர் நடுவில் அத்தை, "பெத்தவ வம்சமே குருட்டு வம்சம்" என்றாள். மஞ்சள் கரை போட்ட பச்சைச் சேலை கட்டியிருந்தாள். அம்மா அங்கேயே, "இன்னியோட நமக்குள்ள ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பிறகு பேச்சு கிடையாது.

காலை ஏழு மணிக்குத் திருவள்ளூரில் கிளம்பினோம். டிரைவர் பாஷா பாய் முன்பக்கம். டாக்டரம்மாவும் நாங்களும் பின்பக்கம், எங்கள் காலடியில் ஒரு கறுப்புக் கம்பளி. பெரியபாளையம் வழியாக ஆரணி முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ரோடு அப்போது பள்ளமும் மேடும், இரண்டு மணி நேரம் பிடித்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலில் மாடுகள் படுத்திருந்தன. போகும்போதே டாக்டரம்மா ஒரு தாளில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று எங்கள் குடும்பத்தைப் போட்டார். நான் பேர் சொல்லச் சொல்லக் கட்டங்கள் பெருகின. "நீயும் வீட்டுக்காரரும் சொந்தத்துல கட்டினதா?" என்று அம்மாவைக் கேட்டார். "இல்லீங்க, அசலு" என்றாள் அம்மா. நைனாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் டாக்டரம்மா ஒற்றைக் கோடு போட்டார், சொந்தமென்றால் இரட்டைக் கோடாம்.

அத்தை வீட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் ஜீப் நின்றது. அம்மா இறங்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டணத்து டாக்டர் என்றதும் அத்தை நாற்காலி எடுத்துப் போட்டாள். என்னைப் பார்த்து, "ஏழுமலை தங்கச்சியா நீ? எங்க அண்ணன் மூஞ்சி அப்படியே கீது" என்றாள்.

அவள் அண்ணனுக்கு, அதாவது நைனாவுக்கு, சாயங்காலத்தில் கண் எப்படி இருந்தது என்று டாக்டரம்மா கேட்டார்.

"அவருக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்துது. சாயங்காலமானா சாராயம். குடிச்சவன் தடவாம இன்னா பண்ணுவான்?"

ஜீப்பிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "செத்தவரைக் குடிகாரன்னு சொல்ற வாயைப் பாரு."

அத்தை திரும்பவே இல்லை. "வண்டியில யாரோ பேசறாப்போல கீதே" என்றாள்.

"காத்துமா, காத்து" என்றார் பாஷா பாய்.

உங்கள் அண்ணனும் அவர் மனைவியும் சொந்தமா என்று கேட்டார் டாக்டரம்மா. "அந்த ஊடு எங்களுக்குச் சொந்தமே இல்ல" என்றாள் அத்தை. இரண்டு வீடும் ஒரே மாதிரி சொன்னதால் டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. நடந்தது எதையும் நான் மறக்கிறவள் இல்லை. ஆனால் என் காதில் யாரும் போடாத சங்கதி எனக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் இருக்கும் எல்லாரையும் பார்த்துவிடுகிறேன் என்றார் டாக்டரம்மா. அத்தைக்குப் பத்து வயதில் மல்லிகா என்று ஒரு பெண். கதவுக்குப் பின்னால் நின்றிருந்தவளை வெளியே கூப்பிட்டார். "அவளுக்கு ஒண்ணும் இல்ல, கொஞ்சம் மந்தம், அவ்ளோதான்" என்று அத்தை அவசரமாகச் சொன்னாள். பாஷா பாய் ஜன்னலுக்குக் கம்பளி மாட்டினார். அறைக்குள் நானும் உட்கார்ந்திருந்தேன். முதலில் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தரையில் டாக்டரம்மா போட்ட வெள்ளைத் துணி மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. மல்லிகாவை அதை எடுக்கச் சொன்னார். துணி அவள் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. அவள் தன்னைச் சுற்றித் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"எடுத்துட்டாளா?" என்று அத்தை வெளியிலிருந்து கேட்டாள்.

சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். ஏழுமலைக்கு இருப்பதுதான் இவளுக்கும் என்றார். அத்தை அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து நேரே ஜீப்புக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"எங்கம்மாவும் உங்க அப்பனும் கூடப் பொறந்தவங்கன்னு டாக்டரம்மாவாண்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அது. அம்மா திரும்பாமலே சொன்னாள். "நீயே சொல்லு. வாய் உனுக்குத்தான் இருக்குது."

எங்கள் பக்கத்தில் சொந்தம் என்றால் போய்க் கை நனைக்கிற வீடு. சண்டை போட்டுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டால் சொந்தம் விட்டுப்போனது. அம்மாவும் பொய் சொல்லவில்லை, அத்தையும் பொய் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் அது விட்டுப்போன சொந்தம். அம்மா தன் அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறாள். அத்தையும் கட்டினது அதே வம்சத்தில். எங்களை ஏசின ஏச்சில் அவளும் இருந்திருக்கிறாள்.

டாக்டரம்மா ஒற்றைக் கோட்டை அழித்துவிட்டு இரட்டைக் கோடு போட்டார். மறைந்து வருகிற விதம்தான், நைனா தடவினது சாராயத்தால், அவரிடமும் அம்மாவிடமும் அது வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது என்றார். நான் மாமாவை நினைத்துக்கொண்டேன்.

ஆரணியிலிருந்து புதுவாயலில் பெரிய ரோட்டைப் பிடித்து, வடக்கே திரும்பினோம். ஜீப்பில் ஒருவரும் பேசவில்லை. பாஷா பாய்க்கு அது தாங்கவில்லை.

"நானும் சித்தப்பா பொண்ணைத்தான் கட்டிக்கினு கீறேன். கண்ணெல்லாம் ஷோக்கா கீது. வாய்தான் பேஜாரு."

"அதுக்கு நம்மகிட்ட மருந்து இல்ல பாஷா" என்றார் டாக்டரம்மா.

கும்மிடிப்பூண்டியில் சாப்பாடு. அம்மா சோற்றைப் பிசைந்ததோடு சரி. ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்குக் கம்பெனி கேட்டில் மாமா வந்தார். தலைமுடியெல்லாம் இரும்புத் தூள். எங்களைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னாக்கா, பொண்ணைக் கம்பெனிக்கே இஸ்துகினு வந்துட்ட? வைகாசி வரைக்கும் தாங்காதா?"

அம்மா சிரிக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

அங்கிருந்து ஆரம்பாக்கம் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர். இரண்டு பக்கமும் அறுத்த வயல். வீட்டில் வைத்து மாமாவைப் பார்த்த டாக்டரம்மா, கண்ணில் குறை எதுவும் இல்லை என்றார். என் கண்ணிலும் இல்லை. பிறகு நிதானமாக உட்கார்ந்து விளக்கினார். மாமாவிடம் அது மறைந்திருக்கப் பாதிக்குப் பாதி. என்னிடம் இருக்க மூன்றில் இரண்டு. இரண்டு பேரிடமும் இருந்தாலும் பிள்ளைக்கு வருவது நாலில் ஒன்று. எல்லாவற்றையும் பெருக்கினால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பன்னிரண்டில் ஒன்று.

"கட்டிக்கோங்கன்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. கணக்கு மட்டும்தான் என்னோடது" என்றார்.

மாமா முகம் தெளிந்தது. "பன்னண்டுல ஒண்ணுதானே? பதினொண்ணு நம்ம பக்கம்."

"எங்க அண்ணன்தான் மாமா அந்த ஒண்ணு" என்றேன்.

"நாள் குறிச்சாச்சு நாகு. ஊரு இன்னா பேசும்?" என்றாள் அம்மா.

"ஊரு ஏழுமலை கையைப் புடிச்சிக்கினு நடக்குதா? நான்தானே நடக்கறேன்."

மாமா முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனார். வாளி இறங்கி ஏறுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து, "டிரெயினுக்கு நேரமாவுதுக்கா, வாங்க" என்றார். அவ்வளவுதான். ஸ்டேஷன் வரைக்கும் எங்களோடு நடந்து வந்தார். டிக்கெட்டும் அவரே எடுத்தார். டாக்டரம்மா ஜீப்பில் பட்டணம் போய்விட்டார். நாங்கள் பேசின் பிரிட்ஜில் இறங்கி, திருவள்ளூர் வண்டிக்கு மாறினோம். அம்மா வழியெல்லாம் அழுதாள். நான் அழவில்லை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

இப்போது போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ரத்தம் எடுத்தே பார்த்துவிடுகிறார்களாம். இருந்தாலும் டாக்டர் முதலில் குடும்பத்தைத்தான் கேட்பார். அத்தை, மாமா, பெரியப்பா என்று முறை சொல்லாதீர்கள். யாருக்கு யார் பிள்ளை, யாரோடு பிறந்தவர் என்று சொல்லுங்கள். பேச்சு வார்த்தை இல்லாத வீட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் விட்டுவிட்டாலும் ரத்தம் விடுவதில்லை. சொட்டு மருந்து விட்டால் மூன்று நான்கு மணி நேரம் வெயில் கூசும், குடை எடுத்துப் போங்கள். குழந்தைகளைத் தனியாக அறைக்குள் அனுப்பாதீர்கள். மல்லிகா தரையைத் தட்டின சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அவளை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. அதற்காக அத்தையை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாவம் வேறு, சாவு வீட்டில் பேசினது வேறு.

கல்யாணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த வருஷம் திருநின்றவூரில், முன்பின் தெரியாத குடும்பத்தில் என்னைக் கொடுத்தார்கள். பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவர் தாய்மாமன். மாமா வருவாரா என்று அம்மாவுக்குக் கடைசிவரை பயம். விடியற்காலையே வந்துவிட்டார், புது வேட்டி கட்டிக்கொண்டு. என் பின்னால் நின்று, பட்டத்துக்கு முடிச்சுப் போடும்போது, "இறுக்கமா கீதா நாகு?" என்று கேட்டார். இல்லை மாமா என்றேன்.