சொட்டக் கூடாத தண்ணீர்

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில், வேங்கிக்கால் வீட்டின் முன்னறைதான் என் மனைவியின் டிடிபி சென்டர். கத்திரி வெயில் தொடங்கினால் மதியத்தில் கம்ப்யூட்டர் சூடேறித் தானாக அணைந்துவிடும். பாதி அடித்த கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை இருப்பார், பெண் காணாமல் போயிருப்பாள். வாடிக்கைக்காரர்கள் வேறு கடை தேடினார்கள்.

"இந்த வெயிலோட மூடிட வேண்டியதுதான்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

தண்ணீரை ஓடவிட்டுக் கம்ப்யூட்டரைக் குளிர்விக்கலாம் என்று எங்கோ படித்திருந்தேன். படித்ததைச் செய்யத் தொடங்கும் வியாதி எனக்கு உண்டு; முடிக்கும் வியாதி கிடையாது. கோயில் பக்கம் பாத்திரக் கடையில் செப்புத் தகடு கேட்டேன்.

"தாரா பாத்திரத்துக்கா சார்?" என்றார் கடைக்காரர். கத்திரியில் லிங்கத்தின் மேல் தொங்கி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் பாத்திரம் அது.

"இல்லீங்க, கம்ப்யூட்டருக்கு."

"அதுக்கும் அபிஷேகமா? சரிதான்."

நெருப்பாக நிற்கும் சாமிக்கே தண்ணீர் தேவைப்படும் ஊர் என்பது தெம்பாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே சொட்டினால் புண்ணியம். இங்கே சொட்டினால் மதர்போர்டு காலி.

லாரி ரேடியேட்டர் பற்றவைப்பவர், தகட்டைத் தீப்பெட்டி அளவில் பெட்டியாக்கி இரண்டு குழாய் வைத்துக் கொடுத்தார். "வண்டி எங்க சார் நிக்குது?" என்று வெளியே எட்டிப் பார்த்தார். மீதிக்கு ஏர்கூலர் பம்பு, பிளாஸ்டிக் டியூப், ஒரு பக்கெட் தண்ணீர்.

"மொதல்ல கம்ப்யூட்டர் இல்லாம ஓடட்டும்" என்றாள் மனைவி. தண்ணீரில் குங்குமம் கரைத்து, கீழே செய்தித்தாள் விரித்து ஓடவிட்டேன். தலைப்புச் செய்தியில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. டியூபை இறுக்கிக் கட்டினேன். மறுநாள் தாளில் கறையில்லை. அவளோ தன் வேலைகளையெல்லாம் பிளாப்பிகளில் ஏற்றி பீரோவில் நகையோடு வைத்துப் பூட்டினாள். "உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல" என்றாள்.

கம்ப்யூட்டருக்குள் சூடேறும் சிப்பின் மேல் செப்புப் பெட்டியைப் பொருத்தியாயிற்று. மதியம் அவள் அடிக்க, நான் துண்டோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எழுந்து போங்க. தண்ணியக் கூட நம்பிடுவேன், நீங்க பாக்கற பார்வைதான் பயமா இருக்கு."

உள்ளறையில் படுத்துக் கீபோர்டுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமாக அணையும் நேரம் தாண்டியது. திடீரென்று சத்தம் நின்றது. துண்டோடு ஓடினேன்.

"இன்னொரு பத்திரிகை அடிக்க வந்திருக்காங்க" என்றாள், வாசலில் நின்றவர்களைக் காட்டி. "சேர் எடுத்துப் போடுங்க."